தேர் நாளில் தண்ணீர்ப் பந்தல்: திருகோணமலையில் ஆயிரம் பேருக்குத் தாகசாந்தி செய்யும் முறை

திருகோணமலையில் தண்ணீர்ப் பந்தலுக்கு வேலையில்லாத மாதங்கள் குறைவு. சிவராத்திரி முடிந்ததும் கோணேசப் பெருமானும் மாதுமை அம்பாளும் நகர்வலம் வருவார்கள். பங்குனியில் திருக்கோணேஸ்வரத்திலும் பத்திரகாளி அம்பாள் கோவிலிலும் மகோற்சவம். வைகாசியில் சல்லி முத்துமாரியம்மன் பொங்கல், அந்த நாட்களிலேயே கதிர்காமப் பாதயாத்திரை, ஆவணியில் வெருகலம்பதி முருகன் கோவில் திருவிழா. இதில் பெரும்பகுதி வெயில் கொளுத்தும் காலத்தில் வருகிறது. சனம் வெறுங்காலோடு, பாதிப் பேர் விரதத்தோடு, தார் வீதியில் நிற்கும்.

பந்தல் போடுபவர்களிடம் மனம் இருக்கும், பணமும் ஓரளவு சேரும். ஆனால் தேர் சந்திக்கு வந்து திரும்பும் அந்த அரை மணி நேரத்தில் பேணி போதாமல் போகும். அல்லது பதினொரு மணிக்குள் மோர் புளித்துவிடும். இரண்டுமே முன்கூட்டிக் கணக்குப் பார்த்தால் தவிர்க்கக்கூடியவை. இந்த வழிகாட்டி ஆயிரம் பேருக்கு, காலை ஆறு மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை நடக்கும் பந்தலை அளவாக வைத்து எழுதப்பட்டது. ஐந்நூறு பேருக்கென்றால் பொருள்களைப் பாதியாக்கலாம். ஆட்களைப் பாதியாக்க முடியாது.

மூன்று வாரத்துக்கு முன்: அனுமதியும் இடமும்

முதலில் கோவில் பரிபாலன சபையிடம் போங்கள். தேர் எந்த வீதியால் போகும், எங்கே நின்று திரும்பும், வடம் பிடிக்கும் நேரம் எது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறு யார் பந்தல் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரே சந்தியில் நான்கு சர்பத் பந்தலும் அடுத்த அரை மைலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலும் இருப்பது நம் ஊரில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் இதைத் தீர்க்கலாம்.

அடுத்தது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. வெசாக் காலத்தில் தன்சல் (இலவச உணவுப் பந்தல்) போடுபவர்கள் பதிவதுபோல நீங்களும் இடம், நாள், நேரம், என்ன கொடுக்கப் போகிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு கடிதம் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் அது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. அவர் தண்ணீரில் குளோரின் அளவைச் சோதித்துத் தரவும் கூடும், கேளுங்கள். வீதியோரத்தில் கால் நடுவதற்கு உள்ளூராட்சி சபைக்கும், ஒலிபெருக்கிக்கும் போக்குவரத்துக்கும் பொலிஸுக்கும் தனித்தனிக் கடிதம் வேண்டும். பிரட்றிக் கோட்டைக்குள், திருக்கோணேஸ்வரம் இருக்கும் சுவாமிமலைக்கு ஏறும் பாதையில் பந்தல் போடுவதென்றால் உங்கள் பாட்டில் போய்க் கால் நடாதீர்கள். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, மரபுச் சின்னங்களும் இருக்கின்றன. ஆலய நிர்வாகத்தின் ஊடாகவே கேட்க வேண்டும். கோட்டை வாசலுக்கு வெளியே போடுவது எல்லோருக்கும் சுலபம்.

இடம் தெரிவதில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். தேர் நிற்கும் இடத்துக்கு நேரே பந்தல் போடக்கூடாது. அங்கே வடம் பிடிப்பவர்கள் வீதியின் அகலம் முழுக்கப் பரவி நிற்பார்கள். அவர்களைத் தாண்டி யாரும் பந்தலுக்கு வர முடியாது, வந்தால் நெரிசல். சந்தியைத் தாண்டி முப்பது நாற்பது அடி தள்ளி, காலை வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாகப் பாருங்கள். மதிலோரமோ மரநிழலோ கிடைத்தால் இன்னும் நல்லது. வீதி விளிம்பிலிருந்து குறைந்தது ஆறடி உள்ளே கால் நடுங்கள். கூரை முனையும் மின்கம்பியும் கிட்ட வராமல் பாருங்கள்.

பந்தல்

பன்னிரண்டடிக்கு இருபதடி போதும். கூரைக்குக் கிடுகுதான், அதாவது பின்னிய தென்னோலைதான் சிறந்தது, ஏறத்தாழ நூறு கிடுகு பிடிக்கும். தறப்பாள் கட்டினால் பத்து மணிக்குமேல் கீழே அடுப்படி மாதிரி இருக்கும், உள்ளே நிற்பவர் களைத்துப் போவார். தகரம் வேண்டாம். வைகாசி, ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பினால் கட்டுக் கழன்ற தகரம் ஆளை வெட்டும். கச்சான் காலத்தில் போடும் பந்தலுக்கு மேற்குப் பக்கம் கிடுகுத் தட்டி அடையுங்கள், இல்லாவிட்டால் வீதி மண் முழுவதும் மோருக்குள் விழும்.

கிடுகில் ஒரே பயம் நெருப்பு. தீச்சட்டி எடுப்பவர்கள் போவார்கள், வெடி கொளுத்துவார்கள். இரண்டு வாளி மணலும் ஒரு பீப்பாத் தண்ணீரும் பந்தலின் முன்காலடியில் இருக்கட்டும்.

வாழை கட்டுங்கள், குருத்தோலைத் தோரணம் போடுங்கள், வாசலில் நிறைகுடம் வையுங்கள். அழகு வேண்டியதுதான். பிளாஸ்ரிக் பூமாலை மட்டும் வேண்டாம். 2023 ஒக்டோபர் முதல் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

தண்ணீர்

ஆயிரம் பேரில் ஒருவருக்கு சராசரி ஒன்றரைப் பேணி, பேணிக்கு 200 மில்லிலீற்றர். ஆக 300 லீற்றர் குடிக்கப் போகும். இதில் 120 லீற்றர் வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். வெறும் தண்ணீரை யாரும் பெருமையாக நினைப்பதில்லை, ஆனால் முதலில் முடிவது அதுதான். சீனி வருத்தக்காரர், கைக்குழந்தையோடு வரும் தாய், விரதகாரர் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். மிச்சத்தில் 100 லீற்றர் மோர், 80 லீற்றர் தேசிக்காய்த் தண்ணீர். பேணி கழுவ இன்னொரு 250 லீற்றர். குடிக்க ஒரு தாங்கி, கழுவ ஒரு தாங்கி என்று 500 லீற்றர் தாங்கி இரண்டு வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு வாளி மாறக்கூடாது. குடிநீர் வாளிக்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டால் புதிதாக வந்த பையனுக்கும் தெரியும்.

நகரத்தில் நீர் வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீர் இருக்கும் வீட்டிலிருந்து முதல் நாள் பின்னேரம் நிரப்புவது உத்தமம். இரண்டு நாள் முன்னதாக நிரப்பினால் அதிலிருக்கும் குளோரின் பறந்துவிடும். கடற்கரைப் பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் உவர். அதில் சர்பத் கரைத்தால் எவ்வளவு சீனி போட்டாலும் வாயில் ஒரு கரிப்பு நிற்கும். பவுசர் பிடிப்பதென்றால் அந்தப் பவுசர் வழக்கமாக எதற்கு ஓடுகிறது என்று கேளுங்கள். கட்டட வேலைக்கும் வீதி நனைக்கவும் ஓடும் பவுசர் குடிநீருக்கு ஆகாது. வீதி நனைக்க மட்டும் அதை எடுக்கலாம்.

குழாய் நீர் கிடைக்காமல் நல்ல கிணற்று நீரை எடுத்தால், 500 லீற்றருக்கு 30 சதவீதக் குளோரின் தூள் ஏறத்தாழ மூன்றரைக் கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அதை ஒரு பேணித் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் தாங்கியில் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். வண்டலோடு ஊற்றினால் அடியில் தங்கி, கடைசியாகக் குடிப்பவருக்கு மருந்து வாசம் அடிக்கும்.

குளிர்ச்சிக்கு மண்பானை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐஸ் விஷயத்தில்தான் வயிற்றோட்டம் தொடங்குகிறது. நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் பெரிய ஐஸ் கட்டி மீனுக்கென்று செய்தது. அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாது. சாக்கில் சுற்றி, லொறித் தட்டில் இழுத்து, சீமெந்துத் தரையில் வைத்து உடைப்பார்கள். உறைந்தால் கிருமி சாகும் என்று நினைப்பது பிழை, பல கிருமிகள் உறங்கித்தான் கிடக்கும். அந்த ஐஸைப் பானத்துக்குள் போடவே வேண்டாம். வேண்டுமென்றால் ஒரு பெரிய தொட்டியில் ஐஸைக் கொட்டி, மூடியுள்ள பானத்து வாளியை அதற்குள் இறக்கி வையுங்கள். வெளியிலிருந்து குளிரட்டும். உருகிய நீர் வாளி விளிம்புக்கு ஏறாமல் ஒருவர் பார்த்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

மண்பானை இதைவிட நல்லது. இருபது லீற்றர்ப் பானை ஆறு வாங்குங்கள், ஒரு வாரத்துக்கு முன்னரே. புதுப்பானையைத் தேங்காய்ப் பொச்சால் உள்ளும் வெளியும் தேய்த்து, சவர்க்காரம் படாமல் கழுவி, மூன்று நாள் தண்ணீர் நிரப்பி, தினமும் மாற்றுங்கள். சவர்க்காரம் போட்டால் மண் அதை உறிஞ்சிவிடும், பிறகு வாசம் போகாது. மூன்றாம் நாள் பானையின் வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையில் மெல்லிய ஈரம் ஒட்ட வேண்டும். ஒட்டினால் பானை வேலை செய்கிறது, அந்தக் கசிவு காய்வதால்தான் உள்ளே குளிர்கிறது. ஒரு பக்கம் மட்டும் துளித்துளியாக வடிந்தால் அது வெடிப்பு, திருப்பிக் கொடுங்கள்.

பந்தலில் நான்கு அங்குல உயரத்துக்கு ஆற்று மணல் பரப்பி, நனைத்து, பானைகளை அதில் பதியவையுங்கள். சுற்றிலும் ஈரச்சாக்கு. மணிக்கொரு தரம் சாக்கை நனைக்க ஓர் ஆளைச் சொல்லிவையுங்கள். கச்சான் வீசும் நாளில் காற்று வறண்டிருப்பதால் பானை நன்றாகக் குளிரும். பங்குனியில் காற்று விழுந்து, கடலோர ஈரம் கனத்திருக்கும் நாளில் அவ்வளவு குளிராது. அன்றைக்குப் பானையை முதல் நாள் இரவே நிரப்பி வைப்பதுதான் வழி.

மோர்

கிண்ணியா, தம்பலகாமப் பக்கத்திலிருந்து வரும் எருமைத் தயிர் கெட்டியானது, ஒரு பங்குக்கு நான்கரைப் பங்கு தண்ணீர் தாங்கும். 100 லீற்றர் மோருக்கு:

தயிர் 18 லீற்றர்
கொதித்தாறிய தண்ணீர் 82 லீற்றர்
உப்புத்தூள் 500 கிராம்
இஞ்சி 500 கிராம்
பச்சைமிளகாய் 150 கிராம்
கறிவேப்பிலை 250 கிராம்
தேசிக்காய் 30
சின்ன வெங்காயம் 1 கிலோ, விரும்பினால்

தயிரை ஒரு வாரத்துக்கு முன்னரே சொல்லிவைத்து, தேர் நாள் அதிகாலையில் இறக்குங்கள். முதல் நாள் வாங்கினால் இரவு முழுவதும் புளிப்பு ஏறும். சட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து முகர்ந்து, மேல் ஆடையில் பச்சை அல்லது இளஞ்சிவப்புப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிடாரத்தில் கவிழ்க்க வேண்டும். ஒரு கெட்ட சட்டி மொத்தத்தையும் கெடுக்கும்.

தண்ணீரை முதல் நாள் மதியமே கொதிக்கவையுங்கள். ஐம்பது லீற்றர்க் கிடாரத்தை இரவு ஒன்பது மணிக்கு இறக்கினால் விடியற்காலையிலும் இளஞ்சூடாக இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் எருமைத் தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும். சனம் அதைப் பார்த்துவிட்டு ‘மோர் திரிஞ்சு போச்சு’ என்று பேணியைத் திருப்பிக் கொடுக்கும். நன்றாக ஆறிய தண்ணீரில், மத்தால் நாற்பது ஐம்பது சுற்று மட்டும் கடைந்தால் போதும்.

இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலையை இடித்துச் சாறு பிழிந்து, துணியில் வடித்து ஊற்றுங்கள். துண்டு துண்டாக அரிந்து போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வாளிக் குழாயின் வாயை அடைக்கும், குழந்தைக்குப் புரைக்கேறும். வெங்காயத்தைச் சில கோவில்களில் திருவிழா நாளில் விரும்பமாட்டார்கள். போடாவிட்டால் மோர் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் என்பதால் விடுவதே எங்கள் பரிந்துரை.

எல்லாவற்றையும்விட முக்கியம்: நூறு லீற்றரையும் ஒரேயடியாகக் கரைக்காதீர்கள். தயிர் சட்டியிலேயே நிழலில் இருக்கட்டும். இருபது லீற்றர் கரைத்து, அது கால்வாசிக்கு வந்ததும் அடுத்த இருபது. கரைத்த மோர் வெக்கையில் இரண்டு மணி நேரம் தாண்டக்கூடாது. பழைய மோரின் மிச்சத்தைப் புதியதோடு சேர்க்காதீர்கள், ஊற்றிவிட்டு வாளியைக் கழுவுங்கள்.

தேசிக்காய்த் தண்ணீர்

80 லீற்றருக்குச் சீனி 7 கிலோ, தேசிக்காய் 130, உப்பு 80 கிராம். சீனியை முதல் நாள் இரவு ஐந்து லீற்றர் கொதிநீரில் பாகாக்கி மூடி வையுங்கள். காலையில் பச்சைத் தண்ணீரில் சீனி கரைக்க நின்றால் பாதி அடியில் தங்கி, முதல் வாளி சப்பென்றும் கடைசி வாளி தேன் போலவும் இருக்கும். பத்து லீற்றருக்கு ஒரு தடவையாகக் கலக்குங்கள். தேசிக்காயை மரப்பிழியில் தோல் நசுங்கும்வரை பிழிந்தால் கசக்கும். விதை விழுந்து ஊறினாலும் கசக்கும். வடியில் பிழியுங்கள், ஒரே தடவை, மெல்ல. அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பு நிற்கக்கூடாது. சில்வர்க் கிடாரமோ உணவுக்கென்றே விற்கும் வாளியோ எடுங்கள்.

நிறம் போட்ட சர்பத் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்பார்கள். நன்னாரிச் சர்பத் போதும். சட்டையில் படிந்தால் போகாத சிவப்பு வேண்டாம், தேர் நாளில் வெள்ளை வேட்டிதான் வீதி நிறைய.

பேணிக் கணக்கு

ஆயிரம் பேரும் ஏழு மணி நேரத்தில் சமமாகப் பிரிந்து வருவதில்லை. தேர் கடக்கும் முப்பத்தைந்து நிமிடத்தில் முந்நூற்றைம்பது பேர் வருவார்கள், நிமிடத்துக்குப் பத்துப் பேர். ஒரு பேணி கைக்குப் போய், குடித்து, திரும்பி, கழுவி, மீண்டும் நிரம்ப ஐந்து நிமிடம் எடுத்தால் ஐம்பது பேணி சுழற்சியில் நிற்கும். நெரிசலில் அது இரட்டிக்கும். ஆகவே 150 சில்வர்ப் பேணி வையுங்கள். ஒருதடவைப் பிளாஸ்ரிக் கோப்பைக்கும் தடை இருக்கிறது. கடதாசிக் கோப்பை பாவிப்பதென்றால் அதைப் பொறுக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

கழுவ மூன்று தொட்டி. முதலாவதில் சவர்க்காரத் தண்ணீர், இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் பத்து லீற்றருக்கு 5 சதவீத வெளுக்கும் திரவம் 20 மில்லிலீற்றர். மூன்றாவதில் ஒரு நிமிடம் அமிழ்ந்து கிடந்து, கம்பித் தட்டில் கவிழ்த்து நீர் வடிய வேண்டும். துணியால் துடைக்காதீர்கள், அந்தத் துணிதான் எல்லாவற்றிலும் அழுக்கு. முதல் இரண்டு தொட்டியின் தண்ணீரையும் ஐம்பது பேணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள், மூன்றாவதை மணிக்கொரு தரம். கழுவும் இடம் பந்தலின் பின்புறம் இருக்கட்டும். முன்னே வைத்தால் சேறாகி, வெறுங்காலோடு வருபவர் வழுக்கி விழுவார். அண்ணாந்து குடிக்கப் பழகிய முதியவர்களுக்கு மூக்குப்பேணி இரண்டு வைத்தால் மகிழ்ந்து போவார்கள்.

ஆட்கள்

பதினான்கு பேர். ஊற்ற மூன்று, கலக்க இரண்டு, கழுவ மூன்று, தண்ணீரும் சாக்கும் பார்க்க ஒருவர், குப்பைக்கு இரண்டு, வரிசைக்கு ஒருவர், முதலுதவிக்கு ஒருவர், பொறுப்பு ஒருவர். பொறுப்பாளர் கையில் அகப்பை இருக்கக்கூடாது, அவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். காய்ச்சல், வயிற்றோட்டம், கையில் புண் உள்ளவர் கலக்கும் வேலைக்கு வேண்டாம், வரிசையைப் பார்க்கட்டும். சில்லறைக் காசு தொட்ட கை பேணியைத் தொடக்கூடாது என்பதால் உண்டியல் வைத்தால் மேசையிலிருந்து தள்ளியே வையுங்கள்.

வருபவரிடம் ‘எடுங்கோ அம்மா’, ‘இன்னொருக்கா குடியுங்கோ ஐயா’ என்று சொல்லி இரு கையாலும் கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். யார், எந்தச் சமயம், எந்தத் தெரு என்று பார்க்கும் இடமல்ல பந்தல். வீதிக் கடமையில் நிற்கும் பொலிஸாருக்கும், துப்புரவுத் தொழிலாளருக்கும், ஓட்டோக்காரருக்கும் ஆள் போய்க் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர்கள் இடத்தை விட்டு வர முடியாது.

காவடியும் அங்கப்பிரதட்சணமும்

அலகு குத்தியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்கு அசையாதபோது ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். கூட வருபவரிடம் கேட்டு, காலுக்கும் தலைக்கும் ஊற்றலாம். அங்கப்பிரதட்சணம் வருபவர்களுக்கு முன்னே வீதியை நனைப்பது பெரிய உதவி. அவர்கள் வருவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. முதல் தண்ணீர் தாரில் பட்டு ஆவியாகும், இரண்டாவதுதான் உடம்புக்குக் குளிர்ச்சி.

மயங்கி விழுந்தவரைச் சூழ்ந்து நிற்காமல் நிழலில் கிடத்தி, காலை உயர்த்தி, ஈரத்துணியால் துடையுங்கள். தெளிந்து தானாகப் பேணியைப் பிடிக்கும்போதுதான் குடிக்கக் கொடுக்கலாம். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்பு மருந்துத் தூள்) பைக்கற் இருபது வாங்கி வையுங்கள், ஒன்றை ஒரு லீற்றரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பைக்கற்றை ஒரு பேணியில் கரைத்துக் கொடுப்பது தீங்கு. உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பாதயாத்திரைக்காரர்களுக்கு

குச்சவெளி, நிலாவெளி வழியே வந்து, மூதூர் தாண்டி வெருகல் பக்கம் போகும் யாத்திரிகர்களுக்கு வைக்கும் பந்தல் வேறு மாதிரி. கூட்டம் சிறியது, விடியுமுன் நடந்து வரும். அந்த நேரத்தில் குளிர்ந்த மோர் யாருக்கும் வேண்டாம், இஞ்சித் தேத்தண்ணீர்தான் கேட்பார்கள். முந்திய இரவு அவர்கள் தங்கிய கோவிலோடு பேசி, எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். போத்தல் நிரப்ப வாய் அகன்ற புனல் ஒன்றும், உட்காரப் பாயும், கால் கழுவ வாளியும் வேண்டும். கொப்புளத்தை உடைத்துவிட வேண்டாம்.

பணம், பொருள்

பணத்தைவிடப் பொருளாக வாங்குவது சச்சரவு குறைவு. ஆனால் பட்டியல் போடாமல் கேட்டால் எல்லோரும் சீனிதான் தருவார்கள். சவர்க்காரம், குப்பைப் பை, பொச்சு, மணல், தாங்கி ஏற்றும் வாகனம் என்று யாரும் தர நினைக்காதவற்றையும் பட்டியலில் எழுதி, பெயருக்கு நேரே குறியுங்கள். காசுக்குப் பற்றுச்சீட்டு. கணக்கை ஒரு வாரத்துக்குள் கோவில் பலகையில் ஒட்டுங்கள். மிஞ்சிய சீனியும் தேசிக்காயும் முதியோர் இல்லத்துக்கோ சிறுவர் இல்லத்துக்கோ அன்றைக்கே போகட்டும். கரைத்த மோர் போகக்கூடாது.

குப்பையும் மான்களும்

கோட்டையிலும் நகரத்திலும் புள்ளிமான்கள் வீதியிலேயே திரிகின்றன. சீனி, உப்பு வாசம் படிந்த பொலித்தீனை அவை மெல்லும், அது வயிற்றில் அடைத்துச் சாகும். ஆகவே குப்பைப் பெட்டி நான்கும் மூடியோடு, மான் முகத்துக்கு எட்டாத உயரத்தில், கம்பத்தில் கட்டியிருக்க வேண்டும். சீனிப் பையையும் தயிர்ச் சட்டி மூடிய பொலித்தீனையும் திறந்த கையோடு பெட்டிக்குள் போட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தேசிக்காய்த் தோலும் கறிவேப்பிலைச் சக்கையும் தனிச்சாக்கில். தயிர்ச் சட்டிகளை உடைத்து வீதியில் வீசாதீர்கள், கழுவிக் கொடுத்தால் வீடுகளில் செடி வைக்க எடுப்பார்கள்.

ஒரு மணிக்குப் பந்தலை மூடியதும் பந்தலுக்கு இருபுறமும் நூறு யார் தூரம் நடந்து பொறுக்குங்கள். பேணிகளை எண்ணுங்கள், பத்துப் பதினைந்து குறையும். பானைகளைக் கவிழ்த்து வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, உமி பரப்பி அடுக்குங்கள். கால் பிடுங்கிய குழிகளை அன்று பின்னேரமே மண் போட்டு இறுக்கிவிடுங்கள், இரவுப் பூசைக்கு வருபவர்கள் அதே வீதியால்தான் வெறுங்காலோடு நடப்பார்கள்.